மாடி ஷவருக்கு எது சரி: ஹீட்டர் பம்ப்பா, தொட்டி பம்ப்பா?

கோலாலம்பூரின் கெப்போங்கில் எங்கள் இரட்டை மாடி டெரஸ் வீட்டில் சமையலறைக் குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்தால் சட்டை நனைந்துவிடும். மாடியில் ஷவரைத் திறந்தால் முதுகு நனையவே நேரம் பிடிக்கும். ஒரே வீடு, ஒரே பில். சமையலறைக்குத் தண்ணீர் சாலைக் குழாயிலிருந்து நேராக வருகிறது, மற்ற எல்லாவற்றுக்கும் கூரைக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொட்டித் தண்ணீருக்கு உயரம்தான் பலம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம். எங்கள் தொட்டியின் நீர்மட்டம் மாடி ஷவருக்கு மேலே ஒன்றரை மீட்டர்கூட இல்லை, ஆக 0.15 பாருக்கும் குறைவு. கீழ்மாடிக் குளியலறைக்கு இன்னும் மூன்று மீட்டர் கிடைப்பதால் அங்கே பரவாயில்லை. வருகிற விருந்தாளிகள் எல்லாம் "உங்க வீட்டு ஷவர் நல்லா இருக்கே" என்பார்கள். அவர்கள் மாடியில் குளித்ததில்லை.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்ட தலையை அலச முடிகிறதா என்பதுதான் ஷவருக்கு நான் வைக்கும் பரீட்சை. மகளுக்கு இடுப்பு வரை முடி. பாதியிலேயே "அப்பா, வாளி கொண்டு வாங்க" என்று குரல் வந்துவிட்டது. அன்றே பத்து லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து நேரம் பார்த்தேன்: மூன்று நிமிடம் இருபது விநாடி. நிமிடத்துக்கு மூன்று லிட்டர்.

பம்ப் வாங்கும் முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஷவர் தலையையும் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையையும் கழற்றிக் கழுவுங்கள். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன அல்லவா, அந்தத் தடை முடிந்து தண்ணீர் திரும்பிய வாரம் எங்கள் வலையில் ஒரு சிட்டிகை பழுப்பு மண். பழைய இரும்புக் குழாய் உள்ள வீடு என்றால் நிலைமை வேறு. துருவேறி உள்விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் வரும் தண்ணீர் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடும். அங்கே குழாயை மாற்றாமல் பம்ப் வைப்பது, மூக்கடைப்புக்குத் தைலம் தடவாமல் விசிறி போடுவது மாதிரி.

சரி, பம்ப்புக்கு வருவோம். நான் வாங்கியது பம்ப்போடு வரும் ஹீட்டர். சுவரில் பழைய ஹீட்டர் இருந்த இடத்திலேயே பொருந்திவிடும், அரைநாள் வேலை. ஏசி (மாறுமின்னோட்ட) பம்ப், டிசி (நேர்மின்னோட்ட) பம்ப் என்று இரண்டு வகை உண்டு. ஏசி வகை சுவரோடு சேர்ந்து முனகும். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வருகிறவர் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் டிசி எடுங்கள். வாளிப் பரீட்சையில் இப்போது ஒரு நிமிடம் இருபது விநாடி, அதாவது நிமிடத்துக்கு ஏழரை லிட்டர்.

ஆனால் விற்பவர் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் நம் ஊர் ஹீட்டர்கள் பெரும்பாலும் 3.6 கிலோவாட். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால் அது தண்ணீரைப் பதினேழு டிகிரி ஏற்றும். ஏழரை லிட்டர் ஓடினால் ஏழு டிகிரிதான். தொட்டியில் 28 டிகிரியில் இருக்கும் தண்ணீர் முன்பு 45ஐத் தொட்டது, இப்போது 35. மழைக்கால விடியலில் அது வெந்நீர் இல்லை. ஹீட்டரில் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குமிழைத் திருப்பி ஐந்து லிட்டருக்குக் குறைத்தால் 38 டிகிரி வருகிறது. நான் அங்கேதான் நிறுத்துகிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலேயே தனி பம்ப் வைத்தார். ஒரு பார் தரும் பம்ப் என்றால் தொட்டியைப் பத்து மீட்டர் உயர்த்தியதற்குச் சமம். இரண்டு மாடியிலும் ஒரே நேரத்தில் குளிக்கலாம், வாஷிங் மெஷின் சீக்கிரம் நிரம்பும். எந்தச் சந்தேகமும் இல்லை, சுகம் என்றால் அவர் வீட்டு ஷவர்தான். ஆனால் அந்தப் பலம் வீட்டிலுள்ள எல்லா இணைப்புகளையும் தள்ளிப் பார்க்கும். மூன்றாம் நாள் கழிவறைப் பக்கம் தொங்கும் கைத்தெளிப்பான் ஹோஸ் வெடித்து, படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கியது. "தம்பி, பத்து வெள்ளி ஹோஸ் என் மரத்தரையையே கெடுத்துடுச்சு" என்றார். அப்புறம் ஃபிளஷ் தொட்டியில் சொட்டுக் கசிவு. அழுத்தம் குறைந்ததும் தானாக ஓடும் வகை பம்ப் என்பதால், இரவெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்' என்று எழுந்து அடங்கியது. தண்ணீர் ஓட்டத்தை உணர்ந்து இயங்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தொட்டி ஷவருக்கு மிக அருகில் இருந்தால், ஆரம்ப ஓட்டமே போதாமல் அது தூங்கிக் கிடக்கும்.

வெந்நீரும் அவ்வளவு வேகத்தில் வேண்டும் என்றால் தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் ஹீட்டர் தேவை. அங்கே செலவு இன்னொரு படி ஏறுகிறது. சிலர் செலவை மிச்சம் பிடிக்க பம்ப்பைச் சாலைக் குழாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அதற்கு அனுமதி கிடையாது, அக்கம்பக்கத்தாரின் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும்.

தொட்டியை உயர்த்தலாமே என்று மைத்துனர் கேட்டார். நூறு கேலன் தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய 450 கிலோ. ஒரு மீட்டர் தூக்கினால் கிடைப்பது 0.1 பார். பேச்சை அதோடு விட்டோம். அகலமான மழை ஷவர் தலை மாட்டலாமா என்றால், எங்கள் தொட்டி அழுத்தத்துக்கு அதில் வருவது வெறும் சொட்டுதான்.

ஒரு குளியலறைதான் பிரச்சினை என்றால் ஹீட்டர் பம்ப் போதும். காலை ஆறரைக்கு இரண்டு குளியலறையும் ஓடும் வீடு, குழாயும் புதியது என்றால் அண்ணன் வழி. ஹோஸ்களை முதலில் மாற்றிவிடுங்கள். தண்ணீர்த் தடை அறிவித்தால் எந்த பம்ப்பாக இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிடுங்கள், வறண்டு ஓடினால் கருகிவிடும். இந்தத் தீபாவளிக்கு மகள் சூட்டை அணைத்து, குமிழை முழுதாகத் திறந்து தலையை அலசினாள். வாளி வெளியே துணி ஊறவைக்கப் போயிருந்தது.