பின் சீட்டிலிருந்து தேர்ந்தெடுத்த வண்டி

ஷோரூமில் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்ததும் விற்பனையாளரின் முகம் கொஞ்சம் மாறியது. பானட்டைத் திறந்து எஞ்சினைக் காட்ட அவர் தயாராக நின்றார். நானோ பின் கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். வண்டி ஓட்டுவது நான். கணவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆசைதான் இல்லை. ஏழு வயது மகளுக்கு வளைவுச் சாலை என்றால் வாந்தி வந்துவிடும். மகனுக்கு மூன்று வயது, இன்னும் குழந்தை இருக்கையில்தான் உட்காருகிறான். மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம் ஆகிறது. பழைய செடானில் அவரை ஏற்றுவதும் இறக்குவதும் தனி வேலை. அதனால்தான் காம்பாக்ட் எஸ்யூவி என்று முடிவு செய்தோம். புதிதா, பழையதா என்பதை மட்டும் பார்த்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவைத்தோம்.

காம்பாக்ட் என்ற பெயரை நம்ப வேண்டாம். இந்த வகையைத் தொடங்கி வைத்த வண்டிகளில் ஒன்றான டொயோட்டா ராவ்4, 1994-ல் மூன்று கதவோடு வந்தபோது சுமார் 3.7 மீட்டர் நீளம்தான். 2018-ல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை ராவ்4 ஏறக்குறைய 4.6 மீட்டர். இப்போதைய ஹோண்டா சிஆர்-வி அதையும் தாண்டி 4.7 மீட்டரைத் தொடுகிறது. வண்டியைப் பார்க்கப் போகும் முன் நிறுத்துமிடத்தை அளந்துவிடுங்கள். டிக்கிக் கதவு மேலே தூக்கும்போது பின்னால் எவ்வளவு இடம் வேண்டும், கூரையில் இடிக்குமா என்பதையும் சேர்த்துத்தான்.

எங்கள் பட்டியலில் நான்கு வண்டிகள்: ராவ்4 ஹைப்ரிட், சிஆர்-வி, மாஸ்டா சிஎக்ஸ்-5, சுபாரு ஃபாரஸ்டர். நான்குக்கும் மாமியாரை அழைத்துப் போனேன்.

"அத்தை, ஏறிப் பாருங்கள்" என்றேன் முதல் வண்டியில்.

"ஏறுவது பெரிய விஷயம் இல்லைம்மா. இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது மொத்த எடையும் ஒரே முழங்காலில் விழும். கதவுக்குக் கீழே உள்ள படி அகலமாக இருந்தால் காலை அதற்கு அப்பால் நீட்டி வைக்க வேண்டும், உடம்பு பின்னால் சாய்ந்துவிடும். சீட் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் நழுவி இறங்கலாம். அதைவிட உயர்ந்தால் குதிக்க வேண்டியதுதான். தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் இடையே 220 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் படித்ததும் ஃபாரஸ்டர் இவருக்கு ஆகாது என்று நினைத்தேன். ஆனால் சீட் உயரமும் அந்த இடைவெளியும் வேறு வேறு கணக்கு. நான்கில் அவர் யாரையும் பிடிக்காமல் இறங்கிய வண்டி அதுதான். இரண்டாவது சிஆர்-வி. அதன் பின் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கிறது. குழந்தை இருக்கையோடு மல்லுக்கட்டும் எவருக்கும் அந்தக் கதவின் அருமை தெரியும்.

குழந்தை இருக்கையை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன். இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது என்று எல்லா விவரத் தாளிலும் போட்டிருப்பார்கள். அந்தக் கொக்கி மெத்தைக்குள் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்பதை எந்தத் தாளும் சொல்லாது. ஒரு வண்டியில் பத்து நிமிடம் போராடி என் நகம் உடைந்தது. பின்னோக்கிப் பார்க்கும் இருக்கை வைப்பவர்கள் அதை மாட்டிவிட்டு, முன் சீட்டை உங்கள் உயரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். பல வண்டிகளில் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும்.

அடுத்து மகள். அவளைப் பின்னால் உட்கார வைத்து, வளைவுகள் உள்ள சாலையில் அரை மணி நேரம் டெஸ்ட் டிரைவ் கேட்டேன். "வாந்தி வருமா என்று பார்க்கிறோம்" என்றதும் விற்பனையாளர் பிளாஸ்டிக் கவர் எடுத்துவர ஓடினார். குழந்தைக்கு வெளியே அடிவானம் தெரிந்தால் குமட்டல் குறைகிறது. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு உணர்வதும் ஒத்துப்போவதுதான் காரணம். இன்றைய வடிவமைப்பில் பின் ஜன்னலின் அடிவிளிம்பு பின்னால் போகப் போக ஏறிக்கொண்டே போகிறது. பார்க்க அழகுதான், உள்ளே இருக்கும் ஏழு வயதுக்குக் கதவின் பிளாஸ்டிக் மட்டும்தான் தெரியும். சிஎக்ஸ்-5 ஓட்டுவதற்கு நான்கிலும் இனிமை, சாதாரண ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஸ்டியரிங் கையோடு பேசியது. இறங்கவே மனமில்லை. ஆனால் கண்ணாடியில் மகளின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது, டிக்கியும் மற்ற மூன்றைவிடச் சிறியது. ஃபாரஸ்டரின் ஜன்னல்கள் பழைய காலத்து வண்டி மாதிரி பெரிதாக இருக்கின்றன. கவர் தேவைப்படவில்லை.

மோதல் சோதனை விவரங்களை அதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். பிறகுதான் படித்தேன், இரண்டு நாள் தூக்கம் போனது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு 2022-ல் தன் முன்பக்க மோதல் சோதனை ஒன்றை மாற்றியது. ஓட்டுநருக்குப் பின்னால் சிறிய உருவப் பெண் அல்லது 12 வயதுக் குழந்தை அளவுள்ள பொம்மை ஒன்றையும் உட்கார வைத்தார்கள். முதல் சுற்றில் சோதித்த 15 சிறிய எஸ்யூவிகளில் ஃபோர்டு எஸ்கேப், வால்வோ எக்ஸ்சி40 இரண்டுக்கு மட்டுமே முதல் தரம் கிடைத்தது. ராவ்4 அடுத்த படி, ஃபாரஸ்டர் அதற்கும் அடுத்த படி. அன்று சோதித்த சிஆர்-வியும் சிஎக்ஸ்-5ம் கடைசிப் படி. முன் சீட் பெல்ட்டில் மோதும் கணத்தில் இறுக்கிப் பிடிப்பதற்கும், மார்பை நசுக்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கும் தனித்தனிப் பொறிகள் உண்டு. பின் சீட்டில் அவை பெரும்பாலும் இல்லாமலே இருந்தன.

அந்தப் பொம்மையின் உருவம் அப்படியே என் மாமியார். ராவ்4 வாங்கிவிடலாமா என்று திரும்பவும் யோசித்தோம். கடைசியில் ஃபாரஸ்டரையே வைத்துக்கொண்டு, யார் எங்கே உட்காருவது என்பதை மாற்றினோம். அத்தை முன்னால், என் பக்கத்தில். கணவர் பின்னால், இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில். மகள், உயரம் கூட்டித் தரும் பூஸ்டர் இருக்கையைத் தாண்டி வளர்ந்ததும் இந்தக் கேள்வி மறுபடி வரும் என்பது தெரியும். இதே வண்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுக்கட்டும்.

எரிபொருள் விஷயத்தில் ராவ்4 ஹைப்ரிட்டோடு போட்டி கிடையாது. ஐந்தாம் தலைமுறை ராவ்4 ஹைப்ரிட்டுக்கு அமெரிக்க அரசின் அளவீடு லிட்டருக்கு 17 கிலோமீட்டர், அதே 2019 மாடல் 2.5 லிட்டர் ஃபாரஸ்டருக்கு 12.3. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 225 லிட்டர் வித்தியாசம். உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் பெருக்கி, இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அதால் வகுத்துப் பாருங்கள். எனக்கு வந்த வருடக் கணக்கு நான் வண்டியை வைத்திருக்கப்போகும் காலத்தைவிட நீளமாக இருந்தது. தினம் நகர நெரிசலில் ஓடுபவர்களுக்கு வேறு விடை வரும், அவர்கள் யோசிக்காமல் ஹைப்ரிட் பக்கம் போகலாம். பழைய ராவ்4 ஹைப்ரிட் பார்த்தால் பின் சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்று போகும் வழியில் உள்ள வடிகட்டியை எட்டிப் பாருங்கள். நாய் வளர்த்த வீட்டு வண்டி என்றால் அங்கே தெரிந்துவிடும்.

வண்டி முடிவானதும் பழையதே போதும் என்றோம். உண்மையான அலைச்சல் அதற்கு அப்புறம்தான் தொடங்கியது.

முதலில் பார்த்ததில் தவறு வண்டியுடையது அல்ல. ஒரே உரிமையாளர், குறைந்த ஓட்டம், கண்ணாடி மாதிரி பெயின்ட். எஞ்சின் விளக்கு எதுவும் எரியவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில், அதாவது வண்டியின் கணினி பதிந்துவைத்த பழுதுகளைப் படிக்கும் இடத்தில், என் சின்ன ஸ்கேனரைச் செருகினேன். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகளில் பாதி "முடியவில்லை" என்று காட்டியது. யாராவது குறியீடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அப்படி வரும், சில நாள் ஓடினால்தான் மறுபடி நிரம்பும். விற்பவரிடம் கேட்டேன். பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரியின் முனைகளில் வருடக்கணக்கான பச்சைக் களிம்பு. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டியில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு, வெள்ளத்தில் நின்ற தண்ணீரின் மட்டம். சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு. தரை விரிப்பு புத்தம் புதியது. உள்ளே யாரோ அடித்திருந்த வாசனைத் திரவியம் மூன்று நாள் என் துணியில் இருந்தது.

மூன்றாவதுதான் இப்போது எங்கள் வீட்டில் நிற்கும் நான்கு வருட ஃபாரஸ்டர். அதில் நான் அதிக நேரம் செலவழித்தது டயர்களிடம். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் செய்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். மூன்று தேய்ந்து ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், சுற்றளவு வேறுபட்டு, சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் நேர் சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகித் தேயும். எனக்குக் கிடைத்ததில் நான்கும் ஒரே வாரத்தில் செய்தவை, ஒரே ஆழம். அதை ஓட்டியவர் கவனமானவர் என்பதற்கு சர்வீஸ் புத்தகத்தைவிட அதுதான் எனக்கு நல்ல சாட்சியாகப் பட்டது.

அப்புறம் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. இதில் படிப்படியான கியர் கிடையாது, அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு சங்கிலி ஓடுகிறது. எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. என் மெக்கானிக் அதைக் கேட்டுச் சிரித்தார். எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது தயங்குகிறதா, மெதுவாக மேடு ஏறும்போது உதறுகிறதா என்று கவனியுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முன் கண்ணாடி மாற்றியதா என்பதையும் கேட்டேன். முன்னால் சாலையைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் ஐசைட் கேமராக்கள் இரண்டும் அதன் பின்னால்தான் இருக்கின்றன, மாற்றினால் அவற்றைச் சரியாக அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். 17 எழுத்துள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து, சரிசெய்து தருவதற்காக நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்த பழுதுகள் எதுவும் பாக்கி இல்லை என்றும் பார்த்தாயிற்று. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்துச் சிதறிய விவகாரத்துக்குப் பிறகு இதைப் பார்க்காமல் பழைய வண்டி எதையும் யாரும் வாங்கக் கூடாது.

வாங்கி ஏழு மாதம் ஆகிறது. வேகமான வண்டி இல்லை. முந்திச் செல்ல அழுத்தினால் எஞ்சின் முதலில் கத்தும், வேகம் பிறகு வரும். சிவிடிக்கே உள்ள குணம் அது, இரண்டு வாரத்தில் என் கால் பழகிவிட்டது. வெயிலில் டேஷ்போர்டு திரை கண்ணைக் கூசவைக்கிறது, ஏசிக்குத் திருகும் பொத்தான்கள் இருப்பதால் அதைப் பார்க்காமலே ஓட்டுகிறேன். நிறத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, கிடைத்த நிறம். தூரப் பயணத்தில் எனக்குக் கிடைப்பது லிட்டருக்கு 13, ஊருக்குள் 9-ஐத் தாண்டினால் நல்ல நாள்.

குறை சொல்பவர் கணவர் ஒருவர்தான். பின் சீட்டின் நடுவில், பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுக்காகத் தரையில் ஒரு மேடு இருக்கிறது. அதன் இருபக்கமும் காலை அகட்டி வைத்து, இரண்டு தோளிலும் இரண்டு குழந்தை இருக்கைகள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார். டேப்பால் எல்லாவற்றையும் அளந்தாயே, என்னை அளந்தாயா என்று போன வாரம் கேட்டார். முன் சீட்டில் இருந்த அத்தை திரும்பிப் பார்க்காமலே, "லைசென்ஸ் இருக்கிறதே, ஓட்டேன்" என்றார்.