குதிரை முன்னங்கால் மாதிரி: தசைநாண் பாஸ், நரம்பு ஃபெயில்

முழங்கை மூட்டிலிருந்து குளம்பு வரை, நிஜ அளவில் வரும் பிளாஸ்டிக் மாதிரி இது. இடது முன்னங்கால். தசைகளைக் காந்தம் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். கால்நடை மருத்துவம் முதலாண்டு படிப்பவர்களுக்கு மடக்குத் தசைகளைக் காட்டத்தான் இதை வாங்குகிறார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது.

முழங்கால் போலத் தெரியும் கார்பஸ் மூட்டுக்கும் அதற்குக் கீழுள்ள ஃபெட்லாக் மூட்டுக்கும் நடுவே நீளும் கேனன் எலும்புக்குப் பின்னால் உள்ள அடுக்குதான் இதன் பலம். எலும்பை ஒட்டி, ஃபெட்லாக்கைத் தாங்கும் சஸ்பென்சரி லிகமென்ட் (இணைப்பு நார்), அடுத்து ஆழ் விரல் மடக்கு நாண், வெளியே, தோலுக்கு அருகில், மேல் விரல் மடக்கு நாண். கார்பஸின் பின்புறத்திலிருந்து இறங்கி, கேனனின் நடுவில் ஆழ் நாணோடு சேர்ந்து, அது மிகையாக இழுபடாமல் தடுக்கும் கீழ் செக் லிகமென்டைத் தனித்துண்டாகவே தந்திருக்கிறார்கள். மேல் செக் லிகமென்ட், முன்கை எலும்பான ரேடியஸின் பின்பக்கத்தில் தொடங்கி மேல் மடக்குத் தசையோடு சேர்வதும் சரியான உயரத்தில் இருக்கிறது. ஃபெட்லாக்குக்குச் சற்று மேலே மேல் நாண் ஒரு வளையமாகி ஆழ் நாணைச் சுற்றிக்கொள்கிறது. அதைத் தாண்டி மேல் நாண் இரண்டாகப் பிரிந்து ஃபெட்லாக்குக்குக் கீழுள்ள பாஸ்டர்ன் எலும்புகளில் முடிய, அந்தப் பிளவுக்கு நடுவே ஆழ் நாண் வெளிவந்து குளம்புக்குள் இருக்கும் காஃபின் எலும்பின் அடியில் பதிகிறது. படத்தில் பத்து முறை பார்த்தாலும் பிடிபடாத இடம் இது. கையில் கழற்றிப் பார்த்தால் ஒரே தடவையில் புரியும்.

ஆனால் முதலில் உடைவதும் அந்த வளையம்தான். நாணைச் சுற்றிப் போட வசதியாக அதன் முன்பக்கத்தைப் பிளந்து வைத்திருக்கிறார்கள். அவசரமாக விரித்தால் கீறல் விழும். மாட்டும்போது சஸ்பென்சரி, கீழ் செக், ஆழ் நாண், மேல் நாண் என்று உள்ளிருந்து வெளியே வர வேண்டும். மேல் நாணை முதலில் மாட்டிவிட்டு ஆழ் நாணை உள்ளே திணிக்கப் பார்த்தால் வளையம் போச்சு. சூப்பர் க்ளூ ஒட்டும். ஆனால் ஒட்டிய இடம் விறைத்து மறுபடி அங்கேயே விரியும். மெல்லிய ரப்பர் பட்டையை வெட்டி வைப்பது மேல்.

முன்கைத் தசைகளில் ஒரு பிழை. முன்கையின் வெளிப்பக்கத் தசையான அல்நாரிஸ் லேட்டராலிஸை மடக்குத் தசைகளோடு சேர்த்தது சரி. குதிரையில் அது கார்பஸை மடக்கத்தான் செய்கிறது. ஆனால் கூட வரும் அட்டையில் அதற்கு அல்நார் நரம்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்திருக்க வேண்டும். அது நீட்டுத் தசைக் கூட்டத்திலிருந்து வந்தது, அதற்குப் போவது ரேடியல் நரம்பு. தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்!

நரம்பும் தமனியும் இந்த மாதிரியில் தனித் துண்டு இல்லை, தசை மேல் தீட்டிய கோடு. முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ரேடியஸின் பின்விளிம்பில் மீடியன் நரம்பு முன்னால், தமனி பின்னால் என்பது சரியாக இருக்கிறது. மூட்டுக்கு சுமார் 5 செ.மீ. கீழே மீடியன் பிளாக் (நரம்பை மரக்கச் செய்து நொண்டலின் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஊசி) போடும் இடத்தை இதில் காட்டலாம். அல்நார் பிளாக்கைக் காட்ட முடியாது. கார்பஸின் பின்னால் துருத்தும் அக்செசரி கார்பல் எலும்புக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே, ஃபிளெக்சர் கார்பி அல்நாரிஸ் தசைக்கும் அல்நாரிஸ் லேட்டராலிஸுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அந்த நரம்பு ஓட வேண்டும். இதிலோ தசையின் மேல் ஏறி ஓடுகிறது. இதைப் பார்த்து ஊசி போடப் பழகுபவர் தசையை மூடிய சவ்வுக்கு வெளியே மருந்தை விட்டுவிட்டு, நொண்டல் ஏன் நிற்கவில்லை என்று குழம்புவார்.

இன்னும் பெரிய குறை கேனனின் நடுவில். காலின் பின்புறம் இறங்கும் உள்பக்க பால்மார் நரம்பிலிருந்து ஒரு கிளை மேல் நாணைக் குறுக்கே தாண்டி, சாய்வாக இறங்கி, வெளிப்பக்க நரம்போடு சேர வேண்டும். உயிருள்ள குதிரையில் விரலால் உருட்டிப் பார்க்கக்கூடிய கிளை அது. பால்மார் நரம்புகளை மரக்கச் செய்யும் லோ பால்மார் பிளாக்கை அதற்குக் கீழே போடச் சொல்வதற்குக் காரணமே, அந்தக் கிளை வழியாக உணர்வு பக்கம் மாறிப் போய்விடக்கூடும் என்பதுதான். மாதிரியில் அது இல்லவே இல்லை.

ஃபெட்லாக் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக சிரை, தமனி, நரம்பு என்பதே வரிசை. இங்கே தமனியும் நரம்பும் இடம் மாறியிருக்கின்றன. நாடித்துடிப்பு தேடக் கற்றுக்கொடுக்க இது ஆகாது. மீடியன் தமனி, கார்பஸின் பின்புறத்தில் குழாய் போல அமைந்த கார்பல் கெனால் வழியாக இறங்குவதை ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்கள்.

திருத்தம் கடினமில்லை. கோடுகளின் மேல் 2 மி.மீ. தடிமனுள்ள மஞ்சள் நூலையும் சிவப்பு நூலையும் ஒட்டுங்கள். குறுக்குக் கிளைக்கு, மேல் நாணின் மேலேயே ஒரு மஞ்சள் நூல். அல்நார் நரம்பின் பழைய கோட்டைத் தசை நிறத்தால் மூடிவிட்டு, நூலைப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். பழைய கோட்டை அழிக்க அசிட்டோன் வேண்டாம், அடிநிறத்தோடு உரிந்துவிடும். அழுக்குக்கு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

மாட்டுக்கும் இதையே காட்டிச் சமாளிக்க நினைப்பவர்கள் கவனிக்க: மாட்டில் மேல் மடக்குத் தசைக்கு இரண்டு பகுதிகள். ஒன்றின் நாண் கார்பல் கெனாலுக்கு உள்ளே, மற்றது வெளியே போகிறது. இதில் இருப்பது ஒன்றுதான்.