நமீபியாவில் சஃபாரிக்கு வண்டி எடுப்பவர்கள் கவனத்துக்கு: ஸ்டெப்னியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்

எட்டோஷா தேசியப் பூங்காவுக்குத் தாங்களே வண்டி ஓட்டிப் போய் விலங்குகளைப் படமெடுக்கத் திட்டம் போட்டிருப்பவர்கள், தலைநகர் விண்ட்ஹுக்கில் வாடகை வண்டிக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் பழைய டயரைக் கொடுத்தார்கள். டயர் போனாலும் கவலையில்லை என்று சொல்லி ஒரு இன்சூரன்ஸை விற்றார்கள். கடைசியில் டெபாசிட்டிலும் கைவைத்தார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

வாடகை வண்டிக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்கலாம். எட்டோஷாவில் வண்டி நன்றாக இல்லையென்றால் படமே இல்லை. 1907-ல் ஜெர்மன் ஆட்சிக் காலத்தில் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. இன்று 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, அதில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் வெறும் உப்புப் படுகை. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை கிடையாது என்றே சொல்லலாம். தண்ணீர் சில இடங்களில்தான் இருக்கும். அதனால் விலங்குகளைத் தேடி அலைவதைவிட, நீர்க்குட்டை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சன்னல் விளிம்பில் பீன் பேக் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக் காத்திருப்பதுதான் அங்கே வழி. முகாம்களிலும் வேலி போட்ட கழிப்பறை இடங்களிலும் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஒளிந்திருக்கும் இடமும் முக்காலியும் பாதுகாப்பும் எல்லாமே அந்த வண்டிதான்.

நாங்கள் பேசியது டொயோட்டாவின் டபுள் கேப் ஹைலக்ஸ் பிக்கப். கூரைமேல் கூடாரம், பிரிட்ஜ், கேமரா பேட்டரி சார்ஜ் போட இரண்டாவது பேட்டரி, இரண்டு ஸ்டெப்னி என்று எல்லாம் மின்னஞ்சலில் எழுத்தில் வந்தது. காலையில் வண்டி தயாராக இருக்கும் என்றவர்கள் மதியத்துக்கு மேல்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதுதான் கழுவியிருந்தார்கள், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரமான வண்டியில் கீறல் தெரியாது. துடைத்துக் கொடுங்கள் என்றதும் ஊழியர் கடிகாரத்தைக் காட்டினார். அங்கே இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே வண்டி ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே போடுகிறார்கள். கூடு (kudu) என்ற பெரிய மான்களும் காட்டுப்பன்றிகளும் சாலைக்கு வந்துவிடும் என்பதால் அந்த விதி நியாயமானதுதான். எங்களுக்கு அன்றிரவு ஓட்ஜிவரோங்கோ போய்ச் சேர வேண்டும், ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வண்டியைத் தாமதமாகக் கொடுத்து, வாடிக்கையாளரை அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் பார்த்த வரையில் இது தற்செயல் இல்லை.

டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டிருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்த டயர். பின்பக்க டயர்கள் இரண்டும் மிகப் பழையவை. சுட்டிக்காட்டினேன். “பட்டன் நல்லாத்தானே சார் இருக்கு, நீங்க முழுப் பாதுகாப்பு எடுத்திருக்கீங்க, எது போனாலும் எங்க பொறுப்பு” என்றார். டயரும் கண்ணாடியும் அதில் சேர்த்தியா என்று கேட்டேன். “எல்லாம் சேர்த்திதான்” என்றார். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கிக் காட்டச் சொன்னதற்கு, சர்வீஸில் பார்த்தாகிவிட்டது என்று மறுத்துவிட்டார். மேசையில் கையெழுத்து வாங்கியது இரண்டு பக்கம். முழு நிபந்தனைகள் மின்னஞ்சலில் வந்தது அன்று இரவு. டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், நீரால் வரும் சேதம் எதுவுமே அந்த ‘முழு’வில் இல்லை.

எட்டோஷாவின் சாலைகள் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் கலந்த சரளை. அந்தக் கல்லின் விளிம்பு கூர்மை, பழைய டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். வேக வரம்பு 60. நாங்கள் அதற்கும் குறைவாகத்தான் போனோம்.

ஹலாலி முகாமுக்கு மேற்கே, படுகையின் விளிம்பில் சால்வடோரா என்ற நீர்நிலை இருக்கிறது. காலை வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங்பாக் மான்கள் தண்ணீர்வரை வந்துவிட்டுக் குடிக்காமல் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. சிங்கத்தைத் தேடாதீர்கள், மான் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதைத்தான். என் மனைவிதான் முதலில் பார்த்தாள். “ஏங்க, அந்த மஞ்சப் புல்லுக்குப் பின்னாடி பாருங்க, காது ஆடுது.” பெண்சிங்கம் ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று. புல் மறைக்காத கோணத்துக்காக வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தபோது பின்டயர் போய்விட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லென்ஸுக்கு முன்னால் இப்போது புதர் மட்டும்.

இறங்க முடியாது. சிங்கம் கண்ணெதிரே இருக்கிறது. கைபேசியில் சிக்னல் இல்லை. முகாம்களை விட்டுத் தள்ளிப் போனால் அங்கே பல இடங்களில் இதுதான் நிலைமை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். வயதான ஒரு தென்னாப்பிரிக்கத் தம்பதி வந்து, விஷயத்தைக் கேட்டு, தாங்கள் பார்க்க வந்ததை விட்டுவிட்டு ஹலாலிக்குத் திரும்பித் தகவல் சொன்னார்கள். அந்த உதவியை மறக்க மாட்டேன். முகாமிலிருந்து வந்தவர் தன் பிக்கப்பை எங்களுக்கும் சிங்கங்களுக்கும் நடுவே நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பின்னால் வைத்திருந்த ஸ்டெப்னி வேறு அளவு. அடியில் இருப்பதை இறக்க பம்பர் ஓட்டை வழியாக ஒரு நீளக் கம்பியை விட்டுச் சுற்ற வேண்டும். எங்கள் வண்டியில் அந்தக் கம்பியே இல்லை. அவருடைய கம்பியைப் போட்டு இறக்கினால், டயரில் காற்று இல்லை, ரப்பர் வெயிலில் காய்ந்த ஏரி மண்போல வெடித்திருந்தது. அவர் கம்ப்ரஸரால் காற்றடித்து, மெதுவாக முகாம்வரை ஓட்டி வந்தோம். அதற்குள் வெயில் ஏறி, படுகையிலிருந்து கானல் கிளம்பிவிட்டது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்து எடுத்தால் எல்லாமே நீருக்குள் தெரிவதுபோல் நெளியும், எத்தனை விலை கொடுத்த கேமராவும் அதைச் சரிசெய்யாது. பிறகு பூங்காவை விட்டே வெளியேறி, ஔட்ஜோ ஊருக்குப் போய் எங்கள் பணத்தில் புது டயர் வாங்கிப் போட்டோம்.

இரண்டாவது பேட்டரியும் வேலை செய்யவில்லை. ஒகௌகுவேயோ முகாமின் நீர்க்குட்டைக்கு இரவு முழுக்க விளக்கு வெளிச்சம் உண்டு, கறுப்புக் காண்டாமிருகம் வரும். அங்கே உட்காரப் போகிறவர்கள் கேமரா பேட்டரி சார்ஜுக்கு வண்டியை நம்பாதீர்கள், முகாமின் பிளக்கில் போட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று முள் பிளக் அங்கே பொருந்தும்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் உண்மையான கொள்ளை. நாங்கள் வாங்கிய டயர் வேறு பிராண்ட், அனுமதியில்லாமல் மாற்றியது என்று சொல்லி இரண்டு டயருக்குப் பணம் பிடித்தார்கள். அதோடு முன்பக்கப் பெயின்ட்டில் மணற்காற்று அரித்த சேதம் என்று இன்னொரு தொகை. மணற்காற்று அடிப்பது ஸ்வாகோப்முண்ட் மாதிரி கடலோரப் பகுதிகளில். நாங்கள் கடல் பக்கமே போகவில்லை. வண்டியில் வேகத்தையும் இடத்தையும் பதிவு செய்யும் டிராக்கர் இருக்கிறது, அந்தப் பதிவை எடுத்துக் காட்டுங்கள் என்றோம். மேலாளர் வரட்டும் என்றார்கள். வரவேயில்லை. விமான நேரம் நெருங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டோம். வண்டி எடுத்த அன்று சுற்றிலும் எடுத்த வீடியோவில், தண்ணீர் வழிந்தாலும், முன்பக்கப் பெயின்ட் ஏற்கெனவே மங்கிப் பொரிந்திருப்பது ஓரிடத்தில் தெளிவாகத் தெரிந்தது. தங்கிய முகாம்களின் ரசீதுகளையும் கொடுத்தோம். மணற்காற்றுப் பணம் திரும்பி வந்தது. டயர் பணம் வரவில்லை, ஒப்பந்தம் அப்படி என்று முடித்துவிட்டார்கள்.

வண்டி பேசும்போதே மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்: முழு நிபந்தனைகளின் பிரதி, டயருக்கும் கண்ணாடிக்கும் தனிக் காப்பீடு உண்டா, அதன் விலை, டயர்கள் எந்த ஆண்டு. வண்டியைக் காலையிலேயே எடுங்கள். முதல் இரவை விண்ட்ஹுக்கிலேயே தங்கும்படி வைத்தால் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது, இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். காய்ந்த வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், கூரையும் அடிப்பாகமும் உட்பட. ஜாக்கி, வீல் ஸ்பானர், ஸ்டெப்னி இறக்கும் கம்பி மூன்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, ஒரு சக்கரத்தை அவர்கள் முற்றத்திலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். டெபாசிட்டை ரொக்கமாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள். பிடித்தம் போட்டால் வங்கிக்கு உடனே எழுதுங்கள், முறையிடக் கால வரம்பு இருக்கிறது.

இந்த சீசனுக்கு ஏற்கெனவே வண்டி பதிவு செய்துவிட்டவர்கள் நிபந்தனைகளின் பிரதியை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் தேதி தாண்டுவதற்குள் படித்து முடித்துவிடுங்கள்.