இன்ட்ராமுரோஸில் அரை நாள்: மடமா, மாளிகையா?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் பழைய கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸில், ஜெனரல் லூனா தெருவில் ஸ்பானிய ஆட்சிக்காலத்தைக் காட்டும் இரண்டு சிறிய அருங்காட்சியகங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு பக்கம் சான் அகுஸ்டின் தேவாலயத்தை ஒட்டிய துறவியர் மடம். தெருவைக் கடந்தால் காசா மணிலா என்ற செல்வந்தர் வீடு. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச்சீட்டு. அந்த ஊர் வெயிலில் அரை நாள்தான் கையில் இருக்கிறது, ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் வாக்கு மடத்துக்கு. ஆனால் மாளிகையை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது.

காசா மணிலா பழைய கட்டடம் அல்ல. 1980களில், அப்போதைய அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸின் முயற்சியில், 1850களைச் சேர்ந்த ஒரு வீட்டை மாதிரியாக வைத்துப் புதிதாகக் கட்டியது. 1945-ல் அமெரிக்கப் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் நடந்த சண்டையில் இன்ட்ராமுரோஸ் தரைமட்டமானது. அதனால் பழைய வீடு எப்படி இருந்தது என்று காட்ட வேண்டுமென்றால், திரும்பக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கட்டியவர்கள் பொறுப்போடு கட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். குதிரை வண்டி நேராக உள்ளே நுழையும் அளவுக்கு வாசல். மேலே போனால் வரவேற்பறை, சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் பங்கா (கயிற்றால் இழுத்து ஆட்டும் விசிறி), கழுவிய பாத்திரங்களைக் காற்றில் காயவைக்கச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மரத்தட்டி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் கழிப்பறையைப் பார்த்ததும் குழந்தைகளுக்குச் சிரிப்பு அடங்காது.

அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சன்னல்கள்தான். கண்ணாடிக்குப் பதிலாக, மெல்லியதாகச் சீவிய காப்பிஸ் சிப்பியைச் சதுரம் சதுரமாக மரச்சட்டத்தில் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. (இதே வகைச் சிப்பியைத்தான் திருகோணமலைக்குப் பக்கத்தில் தம்பலகாமத்தில் முத்துக்காக எடுத்தார்கள்.) பெரிய சன்னலுக்குக் கீழே தரையோடு தரையாகச் சிறிய திறப்புகள் வேறு, மேலே சாத்தியிருந்தாலும் கீழே காற்று ஓடும். ஐரோப்பியர் கொண்டுவந்த வீட்டு அமைப்பை நிலநடுக்கத்துக்கும் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றபடி இந்த மண் மாற்றிக்கொண்டதை, எந்த விளக்கப் பலகையும் இல்லாமலே அங்கே புரிந்துகொள்ளலாம்.

குறை எங்கே என்றால், அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததில்லை. நாற்காலியும் கட்டிலும் அலமாரியும் அந்தக் காலத்தவைதான், ஆனால் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. அந்தப் பங்காவை இழுத்தவர் யார், அந்த மேசையைச் செதுக்கியவர் யார் என்று நினைக்கத் தொடங்கினால் அறை பதில் சொல்லாது. செல்வந்தர் வாழ்வின் சுகத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். அது எனக்கு உறுத்துகிறது.

மடத்தில் கதை வேறு. சான் அகுஸ்டின் தேவாலயம் 1607-ல் கட்டி முடிந்தது; 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய நிலநடுக்கங்களில் இரண்டு கோபுரங்களில் ஒன்று போனது. 1945-ல் கோட்டைக்குள் இருந்த தேவாலயங்களில் இடியாமல் நின்றது இது ஒன்றுதான். மணிலாவை ஸ்பானிய நகரமாக்கிய லெகாஸ்பியின் கல்லறை உள்ளே இருக்கிறது. 1898-ல் அமெரிக்கரிடம் நகரை ஒப்படைக்கும் விதிமுறைகள் உருவானதும் இங்கேதான். ஓர் ஆட்சியின் தொடக்கமும் முடிவும் ஒரே வளாகத்தில்.

இருந்தும் நான் அங்கே நிற்கச் சொல்வது தந்தச் சுரூபங்களுக்கு, அதாவது மாதா, புனிதர் சிலைகளுக்கு முன்னால். உடல் மரம், முகமும் கைகளும் தந்தம். செதுக்கியவர்களில் பெரும்பாலோர் கோட்டைக்கு வெளியே பாரியான் குடியிருப்பில் வாழ்ந்த சீனக் கைவினைஞர்கள். அவர்களுடைய தந்தச் சிற்பங்களை மணிலாவின் முதல் ஆயர் தோமிங்கோ தெ சலசார் 1590-லேயே வியந்து எழுதினார். மாதாவின் கண்ணிமையையும் கழுத்து மடிப்பையும் உற்றுப் பாருங்கள். கீழை நாட்டு முகம் அது. இத்தகைய சுரூபங்கள் கப்பலேறி மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் போயின. ‘ஸ்பானியக் கலை’ என்று பலகை சொல்வதைச் செய்த கை யாருடையது என்பது இங்கே பொருளிலேயே தெரிகிறது. மாளிகையில் நான் தேடியது இதைத்தான்.

மாடத்துப் பாடகர் மேடைக்கும் ஏறிவிடுங்கள். தந்தம் பதித்த மோலாவே மர இருக்கைகளுக்கு நடுவே நின்றால் தேவாலயக் கூரை கண்முன் விரியும். புடைத்த சிற்பம் போலத் தெரிவதெல்லாம் 1875-ல் இத்தாலிய ஓவியர்கள் அல்பெரோனியும் திபெல்லாவும் வளைவுக் கூரையில் வரைந்த ஓவியம். எத்தனை முறை பார்த்தாலும் கண் ஏமாறும். நடைக்கூடங்களில் வரிசையாகத் தொங்கும் இருண்ட புனிதர் படங்களை வேகமாகக் கடந்துவிடலாம். எனக்கு அவை பிடிபடவில்லை.

நம்மவர்களுக்கு இந்த மடத்தோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1762-ல் மணிலாவைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் கப்பற்படை புறப்பட்டது சென்னைக் கடற்கரையிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். அந்த அக்டோபரில் கோட்டை விழுந்தது, நகரம் சூறையாடப்பட்டது, இந்த மடத்தின் உடைமைகளும் போயின. 1764-ல் படை திரும்பியபோது சிப்பாய்களில் சிலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்டாவில் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். கொள்ளையடிக்கப்பட்ட மடத்துக்குள் நிற்கும்போது இது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் மாளிகையையே தேர்ந்தெடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சலிக்காது. மடத்துக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும், படிகளும் அதிகம். சான் அகுஸ்டினில் திருமணங்கள் அடிக்கடி நடப்பதால் தேவாலயத்துக்குள் சுற்ற முடியாத நாள்களும் உண்டு. அருங்காட்சியகத்துக்குத் தனி வாசல் இருப்பதால் பயணம் வீணாகாது. நேரம் மிஞ்சினால், 2019-ல் திறந்த மூசெயோ தெ இன்ட்ராமுரோஸ் என்ற அருங்காட்சியகமும் நடக்கும் தூரத்தில்தான். மடத்தில் பார்த்தவை போன்ற சுரூபங்களைப் பிலிப்பினோக்கள் தங்கள் கையால் தங்கள் பாணியில் செதுக்கியது எப்படி என்பதை அங்கே தொடர்ந்து பார்க்கலாம்.