பிளக் நிறமா, கம்ப்ரெஷன் கேஜா?

ஃபைபர் படகில் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் சரியாக இழுக்கவில்லை என்றால், நம் கை முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் செலவே இல்லை. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிபொருள்-காற்றுக் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருளோ ஆயிலோ கூடுதல். வெளுத்திருந்தால் காற்று அதிகம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மெதுவாகக் கரைக்கு வந்து கழற்றிய பிளக், ஐடிலில் (மெதுவாக ஓடும்போது) படிந்த கரியைத்தான் காட்டும். வேகத்தில் ஓடும்போதே அணைத்துக் கழற்ற வேண்டும். அப்புறம், தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் பிளக்கைக் கறுப்பாக்கும். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

அதனால் என் ஓட்டு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை (கம்ப்ரெஷன்) அளக்கும் கேஜுக்கு. எஞ்சினைச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜைப் பொருத்தி, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று 120, மற்றது 85 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்றால் கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி இழுங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ (போர்) தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் சிலிண்டர் மூடியின் அடைப்பான ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் எஞ்சின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கம்ப்ரெஷன் சரியாக இருந்தால் மட்டும் பிளக் நிறத்தை நம்பி ஜெட்டில் கை வையுங்கள்.