முப்பரிமாண மாடலை எக்ஸ்-ரேயோடு பொருத்துவது: மணியா, நிழலா, நெட்வொர்க்கா?

முதுகெலும்பில் திருகு போடும் அறுவை சிகிச்சையில் மருத்துவர் கையில் இரண்டு வகைப் படங்கள். ஒன்று, முன்கூட்டியே எடுத்த சி.டி. ஸ்கேன். எலும்பின் மேடு பள்ளமெல்லாம் முப்பரிமாணத்தில் தெரியும். இன்னொன்று, மேசையருகே சி-ஆர்ம் (‘C’ வடிவக் கை கொண்ட, திருப்பக்கூடிய எக்ஸ்-ரே கருவி) எடுக்கும் எக்ஸ்-ரே. இந்த நிமிடத்து நிலையைக் காட்டும், ஆனால் வெறும் நிழல். சி.டி. மாடலை எங்கே, எப்படிச் சாய்த்து வைத்தால் இதே நிழல் விழும்? மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஆக ஆறு எண்கள். அவற்றைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் போட்டி போடுகின்றன.

பழைய வழி உலோக மணி. உடலுக்குள் மூன்று நான்கு தங்க மணிகளை வைத்துவிட்டால் சி.டி.யிலும் தெரியும், எக்ஸ்-ரேயிலும் தெரியும். மீதி வெறும் கணக்கு. புராஸ்டேட் கதிர்வீச்சு சிகிச்சையில் இது நியாயம். அந்தச் சுரப்பி எக்ஸ்-ரேயில் தனியாகத் தெரியாது. முதுகெலும்பு தானே பளிச்சென்று தெரிகிறதே, அதற்கும் ஊசி குத்த வேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்தது நிழல் ஒப்பீடு. சி.டி.க்குள் கதிர்களை ஓடவிட்டுக் கணினியே ஒரு போலி எக்ஸ்-ரே தயாரிக்கும். அசலோடு ஒப்பிடும், மாடலைச் சற்று நகர்த்தும், மறுபடி தயாரிக்கும். கதிர்க் கணக்கை வேகமாகப் போட சிடன் என்ற ஆய்வாளர் 1985இல் தந்த முறை இன்றும் புழக்கத்தில் உண்டு. சிக்கல் ஒப்பிடும் அளவுகோலில். அசல் படத்தில் கருவிகள் கிடக்கும், சி.டி.யில் இருக்காது. 1998இல் பென்னி என்பவரின் ஆய்வுக் குழு ஆறு அளவுகோல்களை முதுகெலும்பு மாதிரியில் சோதித்தது. மென்திசுவும் கருவியும் குறுக்கே வந்தபோதும் தாக்குப்பிடித்தவை, படத்தின் விளிம்புகளையும் உள்ளூர் அமைப்பையும் பார்க்கும் இரண்டுதான். சரி, அளவுகோல் நல்லதாகவே இருக்கட்டும். தொடக்க இடம் தப்பினால்? முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். மாடல் ஒரு கணு தள்ளிப்போய் அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

அங்கேதான் நெட்வொர்க் உதவுகிறது. 2016 வாக்கில் இந்த வேலைக்கு வந்த செயற்கை நரம்பு வலைப்பின்னல்கள் (படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல்கள்), படத்தைப் பார்த்த உடனே ஏறக்குறைய சரியான நிலையைச் சொல்லிவிடும். ஆனால் கடைசி மில்லிமீட்டருக்கு நான் அதை நம்ப மாட்டேன். தொடங்கி வைக்க நெட்வொர்க், முடித்து வைக்க நிழல் ஒப்பீடு. என் தேர்வு இந்தக் கூட்டணிதான்.

ஆனால் எந்த வழியை எடுத்தாலும் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: எக்ஸ்-ரே ஒன்றா, இரண்டா? கரண்ட் போன ராத்திரியில் சுவரில் கைநிழல் காட்டியவர்களுக்கு இது புரியும். கையைப் பக்கவாட்டில் அசைத்தால் நிழல் ஓடும். சுவரை நோக்கிக் கொஞ்சம் தள்ளினால் நிழலில் மாற்றமே தெரியாது. கணக்கிலும் அப்படித்தான். கதிர்க்குழாயிலிருந்து 1000 மி.மீ. தள்ளித் திரை, 700 மி.மீ.யில் 50 மி.மீ. அகல எலும்பு என்று வையுங்கள். எலும்பு பக்கவாட்டில் 10 மி.மீ. நகர்ந்தால் நிழல் 14 மி.மீ. நகரும். அதே 10 மி.மீ. திரைப்பக்கம் போனால் நிழலின் அகலம் 71.4இலிருந்து 70.4 ஆகும், அவ்வளவுதான். எந்த அல்காரிதமும் இதை ஈடுகட்டாது. முதல் படத்துக்குச் செங்குத்தான இன்னொரு கோணத்தில் எடுத்த படம் ஈடுகட்டும். சைபர்நைஃப் என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவியில் கூரையில் இரண்டு எக்ஸ்-ரே குழாய்கள் இருப்பது இதனால்தான்.

எந்தக் கணு எது என்று பெயரெழுத மட்டும் ஒரு படமே போதும். ஆழத்தில் பிசகினாலும் பெயர் மாறாது. திருகுக்குப் போதாது.

கூரையில் பதித்த குழாய்களுக்கு இடையே உள்ள கோணம் முன்பே தெரியும். சி-ஆர்மைக் கையால் திருப்புகிறோம்; கோணம் துல்லியமாகத் தெரியாது, கருவியின் கை வேறு எடையில் லேசாகத் தொய்யும். அதை அளக்க ஒரு வழி, நோயாளியின் பக்கத்தில் உலோக மணிகள் பதித்த சிறு சட்டம் ஒன்றைப் படத்தில் விழும்படி வைப்பது. வேண்டாம் என்று தள்ளிய மணிகள் திரும்பி வந்துவிட்டன. நல்லவேளை, இந்த முறை உடம்புக்கு வெளியே.