பைபாஸ் ரோடு டூவீலர் சர்வீஸ்: ஜாப் கார்டின் ஐந்தாவது வரியும் ஒன்பதாவது வரியும்

மதுரை பைபாஸ் ரோட்டில், காளவாசலுக்கும் பழங்காநத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது இந்த சர்வீஸ் சென்டர். எல்லாக் கம்பெனி வண்டிகளும் பார்க்கிறார்கள். நாலு ராம்ப் (வண்டியை ஏற்றி நிறுத்தும் மேடை), நாலு மெக்கானிக், வாட்டர் வாஷுக்கு ஓர் ஆள், ஒரு சூப்பர்வைசர். ஜெனரல் சர்வீஸ் லேபர் 400 ரூபாய். ஆயிலும் சாமானும் தனி. வேலை சுத்தம், சொன்ன நேரத்துக்கு வண்டி கைக்கு வந்துவிடுகிறது. தாராளமாக விடலாம். பின் பிரேக்கில் மட்டும் ஒரு குறை உண்டு. அது மெக்கானிக் கையில் இல்லை, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிய ஜாப் கார்டு அடித்த விதத்தில் இருக்கிறது.

முதலில் நல்லது. வண்டி ராம்ப்பில் ஏறியதும் எஞ்சின் மெக்கானிக்கின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. தரையில் சாக்கு விரித்து, குத்தவைத்து, ஸ்பேனருக்கு ஒரு தடவை, கழிவுத்துணிக்கு ஒரு தடவை என்று எழுந்து நடக்கிற வேலையே இங்கே கிடையாது. அமெரிக்காவில், வேலை செய்யும் அசைவுகளை ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் கட்டும் வேலையில் பார்த்தது இதைத்தான். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர்ந்தார். கல்லும் கலவையும் கை உயரத்தில் நிற்கும்படி சாரத்தை மாற்றி, ஒரு கல்லுக்கு 18 அசைவு என்பதை 5-க்குக் கொண்டுவந்தார் கில்பிரெத். இங்கே சாரத்துக்குப் பதில் ராம்ப், பக்கத்தில் சக்கரம் வைத்த டிராலி. டிராலித் தட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பத்தாம் நம்பர் டி-ஸ்பேனர் இல்லையென்றால் மஞ்சள் தெரியும். வண்டியை இறக்குமுன் அது எங்கே என்று தேடியாக வேண்டும்.

வாஷ் முதலில், சர்வீஸ் பிறகு. பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்து, செயினுக்குப் போட்ட லூப் எண்ணெயைத் தாங்களே கழுவிவிடுகிறார்கள். இங்கே கழுவி, ஏர் அடித்துக் காயவைத்த பிறகுதான் ராம்ப்.

ஆயில் மாற்றுவதிலும் குறை சொல்ல முடியாது. எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே வடிக்கிறார்கள். டிரெயின் போல்ட்டை முதலில் கையால் திருகி, இழை சரியாகப் பிடித்த பிறகே ஸ்பேனர் போடுகிறார்கள். அலுமினிய இழை தேய்ந்து ஆயில் கசியும் வண்டிகளில் பலதும் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் கெட்டவை. 100 சிசி ஹீரோ வண்டிக்கு 900 மி.லி. பாக்கெட், அளவுக்கோலில் சரிபார்ப்பு. இந்த வண்டிகளில் கோலைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் கூடுதலாகக் காட்டும். அதையும் தெரிந்து செய்கிறார்கள்.

ராம்ப்புக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. வாடிக்கையாளர் அதைத் தாண்டக் கூடாது. "அண்ணே, அப்படியே ஹாரனையும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னால், "சூப்பர்வைசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே, கார்டுல ஏத்திருவாரு" என்பார். இது முறுக்கு இல்லை. ஒரு ஆளுக்கு ஒரே மேலாள் என்பது பிரெஞ்சு சுரங்க எஞ்சினியர் ஆன்றி ஃபயோல் 1916-ல் எழுதிய 14 கோட்பாடுகளில் ஒன்று. தொழிற்சாலை வேலையை அறிவியல் முறையில் திட்டமிடச் சொன்ன அமெரிக்க எஞ்சினியர் ஃபிரெடரிக் டெய்லரோ ஒரு தொழிலாளிக்கு எட்டு ஃபோர்மன் (மேற்பார்வையாளர்) வரை வைக்கலாம் என்றார். ஃபயோல் அதை ஏற்கவில்லை. பைக் சர்வீஸில் ஃபயோல் பக்கம்தான் நியாயம். வாய்வார்த்தையாகச் சொன்ன வேலைதான் மறந்து போகிறது, பில்லில் தகராறும் அதில்தான் வருகிறது.

இனி அந்தக் கார்டு. அட்டையில் 14 வரி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட ஒரு கட்டம். டெய்லர் சொன்ன வேலைக் குறிப்புச் சீட்டு அப்படியே இதுதான்: என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதைத் திட்டமிடுகிறவர் எழுதிக் கொடுப்பார், கையால் செய்கிறவர் அதன்படி செய்வார். இங்கே ஐந்தாவது வரி பின் பிரேக், ஒன்பதாவது வரி செயின். டிரம் பிரேக் வண்டியில் இந்த வரிசை தப்பு.

செயின் தொய்வைக் குறைக்க ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறோம். பிரேக்கை இழுக்கும் கம்பியான பிரேக் ராடின் ஒரு முனை பெடலில், மறுமுனை சக்கரத்தில். சக்கரம் பின்னால் போனால் ராட் இழுபடும். ஐந்தாவது வரியில் 20–30 மி.மீ. வைத்த பெடல் பிளே (பிரேக் பிடிக்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்), ஒன்பதாவது வரி முடிந்ததும் குறைந்துவிடும். செயின் ரொம்பத் தொய்ந்திருந்த வண்டி என்றால் பிளே இல்லாமலே போகும். பிரேக் ஷூ சக்கரத்தின் டிரம்மில் உரசிக்கொண்டே ஓடும், வீல் ஹப் சுடும், மைலேஜ் விழும். செயின் வேலையில் குறையில்லை: இரண்டு பக்க அட்ஜஸ்டர் குறியும் ஒன்றாக இருக்கிறது, சக்கரத்தைச் சுற்றி இறுக்கமான இடத்தில் தொய்வு பார்க்கிறார்கள். ஆனால் பிரேக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்தாயிற்று. கார்டு திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் தானாகவே ராட் நட்டைத் தளர்த்துகிறார். புதிதாகச் சேர்ந்த பையன் கார்டை நம்புகிறான். அவனைக் குற்றம் சொல்லக் கூடாது. கார்டு எழுதுகிறவர் ராம்ப் பக்கம் வந்து நின்று பார்த்து எழுதியிருந்தால், செயினை முன்னால் போட்டுப் பிரேக்கைப் பின்னால் வைத்திருப்பார். இரண்டு வரியை இடம் மாற்றி அச்சடித்தால் போதும், காசு செலவே இல்லை.

இந்தத் தவறு மாலை நான்கு மணிக்கு மேல் கூடுகிறது. அதுவரை சூப்பர்வைசர் ஒவ்வொரு வண்டியையும் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார். நான்குக்குப் பிறகு அவர் பில் போட உட்கார்ந்துவிட, செய்த மெக்கானிக்கே சோதித்து டிக் போடுகிறார். சம்பளத்தோடு வண்டிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையும் உண்டு. எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் ஏறும். டெய்லர் தன் எட்டு ஃபோர்மன்களில் ஒருவரைத் தரம் பார்க்க மட்டும் வைத்தது சும்மா இல்லை. ஏழு நாளுக்குள் குறை என்று திரும்பி வராத வண்டிக்கு மட்டும் ஊக்கத்தொகை என்று மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

சுவரில் ராம்ப் வாரியாக நேரக் கோடு போட்ட போர்டு, வேலை நேரத்தைக் கோடுகளாக வரைந்து காட்டிய ஹென்றி கான்ட் பாணியில். சாமானுக்கு டவுனுக்கு ஆள் போனால் வண்டியை இறக்கித் தனி ஸ்டாண்டில் நிறுத்திவிடுகிறார்கள், ராம்ப் அடைபடுவதில்லை.

திங்கட்கிழமையைத் தவிர்த்து, காலை பத்துக்குள் விடுங்கள். வண்டியை எடுக்கும்போது சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். உரசல் சத்தம் கேட்டாலோ உடனே நின்றுவிட்டாலோ அங்கேயே சொல்லுங்கள். ராட் நட்டு இரண்டு திருகு திருகினால் முடிகிற வேலை, முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.